குறிஞ்சி மலையில் ஒரு முல்லைத் தொழில்

பழனி மலைக்குப் பொதினி என்று பெயர் வழங்கிய நாளில் அப்பகுதியை ஆண்டவன் ஆவியர் குடியைச் சேர்ந்த வையாவிக் கோப்பெரும் பேகன். மலைச்சாரலில் அகவிய மயில் ஒன்றுக்குத் தன் மேலிருந்த போர்வையை எடுத்துக் கொடுத்தான். அதனாலேயே கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக நிற்கிறான். (அவன் மனைவி கண்ணகிக்காகப் புலவர்கள் அவனிடம் சென்று பரிந்து பேச நேர்ந்த கதை வேறு.) மயிலுக்கு அந்தப் போர்வை பயன்படாது என்பது அவனுக்கும் தெரியும் என்ற கருத்திலேயே பரணர் பாடியிருக்கிறார். பயன் கருதாத கொடைக்கு அது பெருமை. கொடுத்த கணத்தோடு கொடை நிறைவுற்று விடுகிறது; மயில் மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டிய கடமை புலவனுக்கும் இல்லை, வள்ளலுக்கும் இல்லை.

மருத்துவத்திற்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் முதல் கேள்வியே மறுநாளைப் பற்றியதுதான். போர்வை போர்த்திய மயில்கள் எத்தனை, போர்த்தாதவை எத்தனை, எவை பிழைத்தன என்று எண்ணிப் பார்க்கிறவன் கவிஞனுக்குச் சற்றுக் கல்நெஞ்சனாகத் தோன்றலாம். ஆனால் வாயில்லா உயிரிடம் ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்பதற்கு மனிதன் கண்டுபிடித்த ஒரே மொழி அந்த எண்ணிக்கைதான். பேகனின் மலையில் அந்த மொழி எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஆட்டையும் மாட்டையும் பற்றிய கட்டுரையா என்று நண்பர்கள் புருவம் உயர்த்த வேண்டாம். ஆயரையும் கோவலரையும் நீக்கிவிட்டால் முல்லைத் திணையில் பெரிதாக என்ன மிஞ்சும்?

கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியையும் தூண்பாறையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஏரியை விட்டு மேற்கே பூம்பாறை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மன்னவனூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், சோலைக்காடுகளுக்கு இடையே புல்வெளிகள் அலை அலையாக விரியும் இடம். குறிஞ்சி பூக்கும் மலைதான். ஆனால் அந்தப் புல்வெளியில் நின்றால் முல்லை நிலம் மலையேறி வந்துவிட்டதோ என்று தோன்றும். 1965ஆம் ஆண்டு அங்கே மத்திய செம்மறியாட்டு உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் நிறுவப்பட்டது. அந்த மையத்தின் கதைக்குள் போகுமுன், அதற்கு முந்தைய நூறாண்டில் சமவெளி மந்தைகளுக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்த அனுபவம் இல்லையேல் மன்னவனூரில் ஆட்டின் காதில் எண் குத்திக் கணக்கு எழுதும் எண்ணமே எவருக்கும் வந்திராது.

வெக்கை என்றால் நமக்குப் பூமணியின் நாவல் நினைவுக்கு வரும். மாடு வைத்திருந்த முந்தைய தலைமுறைக்கு அது ஒரு நோயின் பெயர். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயில் புண், பிறகு நிற்காத கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் தொழுவம் காலி. நம் மாட்டு வாகட ஏடுகளில் சுழி பார்ப்பதற்கும், மூலிகை அரைப்பதற்கும், எந்த நோய்க்கு எந்த இடத்தில் சூடு போடுவது என்பதற்கும் விரிவான விதிகள் உண்டு. அவற்றை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீக்கத்தையும் புண்ணையும் செரியாமையையும் நம் பாட்டன்மார் நன்றாகவே அறிந்திருந்தார்கள். வெக்கையின் முன் மட்டும் வாகடம் கைவிரித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தொழுவம் விட்டுத் தொழுவம் தாவும்போது சூட்டுக்கோல் என்ன செய்யும்? தேனி, பெரியகுளம் பக்கத்து மலைமாட்டு மந்தைகள் சாரல் காடுகளில் கலந்து மேய்வது பழைய வழக்கம். மந்தை கலக்கும் இடத்தில் நோயும் கலக்கும். அதற்குத் திணை மயக்கம் பொருட்டில்லை.

இந்திய மாட்டுக் கொள்ளை நோய்களைக் குறித்து அரசு அமைத்த ஆணையத்தின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. 1889இல் புணேயில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகம் தோன்றியது. கொள்ளை நோய்க் கிருமியை ஊருக்கு நடுவில் வைத்துக் கையாள்வது ஆபத்து என்று 1893இல் அதனைக் குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றினார்கள். இராபர்ட் காக் தென்னாப்பிரிக்காவில் இதே நோயை ஆராய்ந்துவிட்டு 1897இல் அங்கு வந்து சென்றார். அந்த ஆய்வகத்திற்கு மலை வேண்டியிருந்தது தனிமைக்காக. நம் மன்னவனூருக்குக் குளிருக்காக.

முக்தேசுவரத்தில் 1920களின் பிற்பகுதியில் எட்வர்ட்ஸ் என்பவர் செய்த வேலையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மாட்டின் வெக்கைக் கிருமியை வெள்ளாட்டுக்குச் செலுத்தினார். அந்த ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று பலமுறை கடத்திக்கொண்டே போனார். ஆட்டின் உடலுக்குப் பழகப் பழக அந்தக் கிருமி மாட்டைக் கொல்லும் வீரியத்தை இழந்தது. ஆனால் மாட்டின் உடல் அதனை அடையாளம் கண்டு எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்வது மட்டும் குறையவில்லை. ஒரே ஊசியில் நெடுங்காலப் பாதுகாப்பு. நோயுற்ற வெள்ளாட்டின் மண்ணீரலே மருந்து. கலப்பின மாடுகளுக்கும் அயல்நாட்டு மாடுகளுக்கும் அது கடுமையாக இருந்தது. 1960 வாக்கில் கென்யாவில் பிளவ்ரைட் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசி வந்த பின்னரே அந்தக் குறை நீங்கியது.

தமிழ்நாட்டில் 1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1936இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. 1932இல் இராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிலையம் அமைந்தது. 1954இல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் வந்தது. கிராமந்தோறும் மாடுகளை வரிசையில் நிறுத்தி ஊசி போட்ட அந்தக் காட்சியை மூத்த உறுப்பினர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். எத்தனையோ பேர் மிதிவண்டியிலும் நடந்தும் செய்த வேலை அது. அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல் வட ஆர்க்காட்டுப் பகுதியில், அதாவது இராணிப்பேட்டை மருந்து நிலையம் இருக்கும் அதே வட்டாரத்தில் கண்டது என்பது வரலாற்றின் குறும்பு. 2011இல் உலகத்திலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதன் முற்றாக ஒழித்த தொற்றுநோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று இது. முன்னதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பின்னதைப் பற்றி ஒரு பரணி பாடியிருக்க வேண்டாமா?

இடையில் ஒரு சிக்கல் இருந்தது. தென்னாட்டில் செம்மறியும் வெள்ளாடும் அவ்வப்போது காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சிரைப்பு என்று கொத்துக் கொத்தாக மடிந்தன. மாட்டின் வெக்கை ஆட்டுக்கும் பரவியதாகவே நெடுங்காலம் கொண்டார்கள். அது உண்மையானால், மாட்டில் ஒழித்த நோய் ஆட்டில் ஒளிந்திருந்து மீண்டும் மாட்டுக்கு வரும். ஒழிப்புத் திட்டம் முடிவே காணாது. 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் மடிந்த ஆடுகளிலிருந்து எடுத்த கிருமியை ஆராய்ந்து, அது வெக்கையன்று, அதன் பங்காளியான வேறொரு நோய் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சைலாவும் அவருடைய சகாக்களும் 1989இல் வெளியிட்டனர். ஆப்பிரிக்காவில் முன்னரே அறியப்பட்ட நோய்தான். இந்தியாவில் அதற்கு உரிய பெயர் கிடைத்தது அப்போதுதான். தமிழில் இன்று ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். பெயரிடுதல் என்பது கவிஞனின் தொழில் மட்டும் அன்று. சரியான பெயர் கிடைத்தவுடன் எத்தனை ஆடுகள் பிழைக்க வழி பிறந்தது பாருங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசியின் விதைக் கிருமிக்கு ‘அரசூர் 87’ என்றே பெயர். முக்தேசுவரத்தில் உருவானதற்குச் ‘சுங்கிரி 96’; அது இமாசலப் பிரதேசத்து ஊர். ஊர்ப்பெயர்கள் பாட்டில் வாழ்வதைக் கண்டிருக்கிறோம், மருந்துக் குப்பியில் வாழ்வதும் ஒரு வாழ்வுதான். 2030க்குள் இந்நோயையும் ஒழிப்பது என்று உலக நாடுகள் 2015இல் இலக்கு வகுத்தன.

இனி மன்னவனூர். நம் நாட்டுச் செம்மறியின் மயிர் பெரும்பாலும் முரட்டு மயிர். கம்பளத்துக்கு ஆகும், மேலாடைக்கு ஆகாது. தென்னாட்டு இனங்கள் பலவற்றில் அதுவும் இல்லை, கறிக்கும் கிடைக்கும்தான் அவை. மெல்லிய உரோமத்தை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. எனவே மெரினோ போன்ற அயல் இனங்களை நாட்டு இனங்களோடு கலந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. 1962இல் இராசத்தானத்தில் அவிகாநகரில் தலைமை நிலையம் அமைந்தது. (ஆட்டுக்கு ‘அவி’ என்பது வடசொல். நம் ஆவியர் குடிக்கும் அவிகாநகருக்கும் இடையிலுள்ள ஒலி ஒற்றுமை தற்செயலே. சொல்லாராய்ச்சி நண்பர்கள் அவசரப்பட வேண்டாம்.) அங்கே சோக்லா, நாலி முதலிய நாட்டு இனங்களை இராம்புல்லே, சோவியத் மெரினோ ஆகியவற்றோடு கலந்து, நான்கில் மூன்று பங்கு அயல் இரத்தம் கொண்ட ‘பாரத் மெரினோ’ உருவாயிற்று. ஆனால் இராசத்தானத்து வெயில் அதற்கு ஒத்துவரவில்லை. பழனி மலையின் குளிரும் புல்லும் ஒத்துவரும் என்று அந்த மந்தை பின்னர் மன்னவனூருக்கு வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் இம்மலையில் உயிருக்குப் போர்வை கொடுத்தார்கள். இப்போது உயிரிடமிருந்து போர்வை எடுக்க வந்தார்கள்.

குளிருக்குத் தக்க ஆடு என்றவுடன் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. வெயிலிலிருந்து தப்பிய ஆடு ஈரத்தில் மாட்டிக்கொண்டது. ஈரப் புல்லில் குளம்பு அழுகும். குளிர்காற்றில் இளங்குட்டிக்கு நிமோனியா பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக வயிற்றுப்புழு. இரைப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர்; கேட்பதற்கு அற்பம். ஆயிரம் புழு இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர். ஆடு மெலிந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து, ஒரு நாள் காலையில் எழாது. அதன் முட்டை சாணியோடு வெளியேறிப் பொரிந்து, இளம்புழு பனிநீரின் படலத்தைப் பற்றிப் புல்லின் நுனிக்கு ஏறுகிறது. ஆடு வந்து மேயட்டும் என்று அங்கே காத்திருக்கிறது. ‘பனி காயுமுன் ஆட்டைப் பட்டியை விட்டு அவிழ்க்காதே’ என்பது நம் கோனார்களின் பழைய விதி. புழுவை அவர்கள் கண்டதில்லை. பனிப்புல் மேய்ந்த ஆடு என்ன ஆகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தார்கள். அதுவும் ஓர் ஆராய்ச்சியே. மறுநாளைக் கேட்டவர்கள் அவர்கள்.

மருந்து வந்தது. 1961இல் தையாபெண்டசோல் என்ற புழுக்கொல்லி வந்தபோது புழுவின் காலம் முடிந்தது என்றே எண்ணினார்கள். சில ஆண்டுகளிலேயே அமெரிக்க ஆட்டுப்பண்ணையில் அம்மருந்துக்கு மசியாத புழு தென்பட்டது, 1970களில் இந்தியாவிலும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவது வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பிழைக்கும் ஒரு சில புழுக்கள் மருந்தை வென்றவை. அடுத்த பருவத்தில் அவற்றின் சந்ததியே வயிற்றை ஆளும். ஒழுங்காகக் கணக்கு வைத்து, ஒழுங்காக மருந்து ஊற்றிய பெரும் பண்ணைகளிலேயே இந்தக் கேடு முதலில் முற்றியது. நாடோடிக் கீதாரிகளின் மந்தைகளில், மருந்து வாங்கப் பணமில்லாத காரணத்தாலேயே, அது பிந்தியது. ஆராய்ச்சியாளனின் அகந்தைக்கு இதைவிட நல்ல மருந்து வேண்டுமா?

விடை தென்னாப்பிரிக்காவில் 1990களில் கிடைத்தது, எளிமையாக. ஆட்டின் கீழ் இமையை விரலால் தாழ்த்திப் பார். உட்புறம் செக்கச் சிவப்பா, இளஞ்சிவப்பா, வெளிறியதா, வெள்ளையா? ஐந்து நிறம் அச்சிட்ட அட்டை ஒன்றோடு ஒப்பிடு. வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து. சிவந்த இமை உள்ளதை விட்டுவிடு. மந்தையின் சிறுபகுதி ஆடுகளே புழுக்களின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன என்பது எண்ணிப் பார்த்தபோது தெரிந்த உண்மை. மருந்து படாத ஆடுகளில் வாழும் புழுக்கள் மருந்துக்கு மசியும் வம்சத்தைக் காத்துத் தருகின்றன. அவிகாநகர் ஆய்வாளர்களும் இம்முறையைச் சோதித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பனும் கையாளக்கூடிய மருத்துவம் இது. மந்தையாக நின்றதை ஒவ்வோர் ஆடாகப் பார்க்கச் செய்தது இதன் பெருமை.

நீலநாக்கு நோய் வேறு வகை. கொசுவினும் சிறிய கடியீ ஒன்று பரப்புவது. முகம் வீங்கி, நாக்கு கருநீலமாகும். தென்னாப்பிரிக்காவுக்கு ஐரோப்பியர் மெரினோவைக் கொண்டுபோன பிறகே அந்நோய் கண்ணில் பட்டது. அந்த மண்ணுக்குப் பழகிய ஆடுகளில் அது வெளித்தெரியாமல் இருந்தது. இந்தியாவில் 1964இல் மகாராட்டிரத்தில் அறியப்பட்டது. 1997-98இல் தமிழ்நாட்டுச் செம்மறிகளை அது வாரிக்கொண்டு போனது. நாட்டு இனங்களும் தப்பவில்லை. ஒரே நோய்க்குப் பல வகைக் கிருமிகள் என்பதால் தடுப்பூசி செய்வது கடினமாயிற்று; ஐந்து வகைகளைச் சேர்த்து எதிர்க்கும் தடுப்பூசி 2010களில்தான் வந்தது.

இத்தனையும் எதற்கு? மெல்லிய உரோமத்திற்கு. அந்த உரோமம் என்ன ஆயிற்று என்று கேட்டால் விடை அவ்வளவு இனிமையானதன்று. செயற்கை இழையும் ஆஸ்திரேலிய உரோமமும் சந்தையை எடுத்துக்கொண்டன. தென்னாட்டு விவசாயி ஆடு வளர்ப்பது கறிக்காக. மயிர் கத்தரிக்கும் கூலியைக்கூட மயிர் தராது. பாரத் மெரினோ கிடாக்களைத் தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் விவசாயிகள் நாடியது, நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால் குட்டி எடை கூடும் என்பதற்காகவே. மன்னவனூரில் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் வந்தன. அவையும் பெரும்பாலும் கறிக்கே. தோல்வி என்று இதனை எழுதிவிட நான் தயாரில்லை. கேட்ட கேள்விக்கு விடை ‘இல்லை’ என்று வந்தால் அதுவும் விடைதான். ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சீமை ஆட்டின் குட்டியை நிறுத்துப் பதிந்த அளவுக்கு, இம்மலைச் சாரலின் மலைமாட்டையும் அடிவாரத்து நாட்டுச் செம்மறியையும் அக்காலத்தில் நிறுத்துப் பதிந்திருக்கலாம். அந்தப் புல்வெளியும் அப்படியே இல்லை. வேட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பழனி மேல்மலைப் புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. ஆட்டுக்காக வந்தவர்கள் கண்முன்னே புல் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டுக்கு மருத்துவம் என்று பேசுகையில் ஆட்டிலிருந்து எடுத்த மருத்துவத்தையும் மறக்கக் கூடாது. வெக்கைக்கு வெள்ளாட்டின் மண்ணீரல் என்று மேலே சொன்னேன். வெறிநாய்க்கடிக்குச் செம்மறியின் மூளை. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த அம்மருந்தைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் (1907இல் தோன்றியது) நெடுங்காலம் தயாரித்துத் தென்னாடு முழுமைக்கும் அனுப்பியது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒவ்வொரு குப்பிக்குப் பின்னும் ஓர் ஆடு இருந்தது. 2000களின் நடுவில்தான் இந்தியாவில் அம்முறை கைவிடப்பட்டது.

இந்தக் கடனுக்குச் சட்டத்தில் ஒரு வரி எழுத வைத்தவர் இம்மலைக்குக் கீழே மதுரையில் 1904இல் பிறந்த ஒரு நடனக் கலைஞர். கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேருவின் அரசு அப்பொருளைத் தானே ஏற்றுக்கொள்ள, 1960இல் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவர் அவரே. வாரியமும் 2018 வரை சென்னையில் இருந்தது. ஆராய்ச்சிக்காக விலங்கைப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை. தேவையற்ற துன்பம் கூடாது, அதனைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்றது. விரிவான விதிகள் 1998இல்தான் வந்தன. பேகனின் வழியில் வந்த அருளும், எண்ணிப் பார்க்கும் அறிவும் ஒரே தாளில் கையெழுத்திட்டது அப்போதுதான் என்பேன்.

2020இல் தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் புதிய கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. மலைக்கு மருத்துவர் இன்னும் சற்று அருகில் வந்திருக்கிறார். அவர்கள் மேலே ஏறி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆட்டை அன்று, குதிரையை. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டியபோது மலையேற உதவியவை குதிரைகளும் டோலிகளும். நெடுங்காலம் சாலையே இல்லாத வெள்ளகெவிக்கு அரிசியும் உப்பும் போனது குதிரை முதுகில். மேல்மலைக் கிராமங்களில் பூண்டு மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் வயலிலிருந்து சாலைக்கு வருவதும் அப்படியே. ஏரிக்கரையில் குழந்தைகளைச் சுமந்து சுற்றுவதும் அதே இனம். குதிரைக்கான தேசிய ஆராய்ச்சி மையம் 1980களின் நடுவில் தொடங்கியது. அது இருப்பது அரியானாவில் ஹிசாரில். மட்டக் குதிரையின் முதுகுமேட்டில் சுமை உராய்ந்து வரும் புண்ணுக்கு முதல் மருந்து ஓய்வு. குறைந்தது இரண்டு வாரம் பாரம் ஏறக் கூடாது. பூண்டு அறுவடைக் காலத்தில் இரண்டு வாரம் என்பது குதிரைக்காரருக்கு ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு. அவர் வேப்பெண்ணெய் தடவி, சாக்கை நான்காக மடித்துப் புண்ணின் இருபுறமும் அணைகொடுத்து, மறுநாள் மூட்டை ஏற்றுகிறார்.